ஈஸ்ட் செய்த மருந்தும் டீசலும்

மலேரியாவுக்கு இன்று முதலில் கொடுக்கும் மருந்துகளின் மூலப்பொருள் ஆர்ட்டிமிசினின். பூக்கடை மரிக்கொழுந்துக்கு உறவான ஒரு சீனச் செடியிலிருந்து எடுப்பது. 1970களில் அதைக் கண்டெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பயிர் அல்லவா, விலை ஒரு வருடம் ஏறும், மறு வருடம் விழும். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டையே மருந்து செய்ய வைத்தால் என்ன என்று இறங்கினார் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே கீஸ்லிங்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று படிப்படியாக உருமாற்றும். படிக்கு ஒரு நொதி. நடுவழியில் பதினைந்து கார்பன் கொண்ட எஃப்.பி.பி. என்ற மூலக்கூறு வரும். அது ஒரு ரயில்வே ஜங்ஷன் மாதிரி. ஈஸ்ட் வழக்கமாக அங்கிருந்து தன் செல் சவ்வுக்கான எர்கோஸ்டிராலுக்குப் போகும். கீஸ்லிங் குழு அந்தத் தடத்தின் போக்குவரத்தைக் குறைத்து, செடியின் மரபணுக்களால் பக்கத்தில் புதுத் தடம் போட்டது. பழைய தடத்தை அடியோடு மூடவும் முடியாது, ஈஸ்ட் செத்துப்போகும்.

மரபணுவைச் செருகியதுதான் செய்தியாகும். உண்மையான பாடு அதற்குப் பிறகு. ஒரு நொதி வேகமாகவும் அடுத்தது மந்தமாகவும் வேலை செய்தால், இடையில் தேங்கும் பொருளே செல்லுக்கு விஷமாகலாம். 2006இல் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆர்ட்டிமிசினிக் அமிலம். அதை 25 கிராமாக்க 2013 வரை ஆனது. அமிலத்தை மருந்தாக்குவது ஈஸ்டுக்கு வெளியே, வேதியியல் முறையில். சனோஃபி நிறுவனம் இத்தாலியில் உற்பத்தியும் தொடங்கியது. அதற்குள் செடியிலிருந்து எடுக்கும் சரக்கின் விலை சரிந்தது. ஈஸ்ட் மருந்து அதோடு போட்டியிட முடியவில்லை.

அதே எஃப்.பி.பி.யிடம் வேறொரு நொதியை நிறுத்தினால் ஃபார்னெசீன் கிடைக்கும். ஹைட்ரஜன் ஏற்றினால் டீசல் எஞ்சினிலேயே எரியும். கீஸ்லிங்கும் சகாக்களும் தொடங்கிய அமிரிஸ் நிறுவனம் பிரேசில் கரும்பிலிருந்து இதைத் தயாரித்தது. சாவோ பாவ்லோவில் பேருந்துகள் இதைக் கலந்து ஓடின. 2014இல் விமான எரிபொருளில் 10 சதவீதம் வரை கலக்கவும் ஒப்புதல் வந்தது.

கணக்குதான் உதைத்தது. இந்த வழியில் சர்க்கரையின் கார்பனில் ஏறக்குறைய பாதி கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. மிஞ்சியதைக் கச்சா எண்ணெய் விலைக்கு விற்றால் எப்படிக் கட்டும்? எனவே அதே ஃபார்னெசீனை ஸ்குவாலேன் என்ற எண்ணெயாக்கி முகக் கிரீம்காரர்களுக்கு விற்றார்கள். முன்பு அதற்குச் சுறா ஈரலைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் காசு டீசலைவிடப் பல மடங்கு. அதுவும் போதவில்லை: 2023 ஆகஸ்டில் அமிரிஸ் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் போனது.