அணுக்கழிவுக் கண்ணாடியும் எலியின் வயிறும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 8ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அக்கோயிலின் சிற்பங்களில் பல முகங்கள் மழுங்கிவிட்டன. உப்புக்காற்று கருங்கல்லையே அரித்துவிட்டது. அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், அதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்பாக்கத்தில், அணுக்கழிவைக் கண்ணாடியாக மாற்றும் ஆலை இருக்கிறது. கல்லே தேயும்போது கண்ணாடி கரையாதா? கரைந்தது குடிநீரில் கலந்து நம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்?

அணு உலையில் எரிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தபின் மிஞ்சும் திரவமே இக்கழிவு. சீசியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றுடன் சிறிதளவு புளூட்டோனியமும் அதில் தங்கிவிடும். சிலிக்கா, போரான் முதலிய கண்ணாடிப் பொருள்களைச் சேர்த்து ஏறத்தாழ 950 டிகிரி செல்சியஸில் உருக்கி, எஃகுக் கலங்களில் ஊற்றுகிறார்கள். நீலக் கண்ணாடி வளையலில் கோபால்ட் கலந்திருப்பதைப் போல, கழிவு கண்ணாடியின் அமைப்பிலேயே கலந்துவிடுகிறது. வளையலைத் தேய்த்துக் கழுவினால் நீலம் போகிறதா?

புதிதாக வார்த்த கலத்தருகே மறைப்பின்றிச் சில நிமிடங்கள் நின்றாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே விழுங்குவதைப் பற்றிய கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். எவ்வளவு கரையும்? கரைந்ததில் எவ்வளவு இரத்தத்தில் சேரும்?

முதற்கேள்விக்கு எலி தேவையில்லை, முகவையே போதும். நல்ல கழிவுக் கண்ணாடியை நீரில் இட்டால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் கரையும். 1 கிராம் எடையுள்ள கோலிக்குண்டின் பரப்பு சுமார் 2.6 சதுர சென்டிமீட்டர், கரைவது 2.6 மைக்ரோகிராம். அதையே 0.1 மில்லிமீட்டர் துகள்களாகப் பொடித்தால் பரப்பு ஏறத்தாழ 240 சதுர சென்டிமீட்டராகிவிடும். கரைவதும் அதற்கேற்ப உயரும். இரைப்பையிலோ ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. நீரில் கண்ட கணக்கை அப்படியே அங்கே பொருத்திவிட முடியாது.

இரண்டாம் கேள்விக்குத்தான் விலங்குகள் பயன்பட்டன. புளூட்டோனியக் கரைசலை மெல்லிய குழாய் வழியே எலியின் இரைப்பையில் செலுத்துவார்கள். சில நாள்கள் கழித்து எலும்பிலும் ஈரலிலும் எவ்வளவு தங்கியது என்று அளப்பார்கள். இதில் ஒரு வேடிக்கையான தொல்லை உண்டு: எலி தன் புழுக்கையையே தின்னும்! வெளியேறியது மறுபடி உள்ளே போனால் கணக்குத் தவறிவிடுமல்லவா? அதனால் புழுக்கை கீழே விழுந்துவிடும்படி கம்பிவலைத் தளமுள்ள கூண்டுகளில் வளர்ப்பதுண்டு.

இத்தகைய ஆய்வுகளை வைத்தே, வயதுவந்தோர் உடலில் புளூட்டோனியம் பத்தாயிரத்தில் 5 பங்கே குடலைக் கடக்கும் எனச் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழு கொள்கிறது. ஆனால் பிறந்த சில நாள்களே ஆன குட்டிகளின் குடல் பன்மடங்கு அதிகமாக உள்ளே விட்டது. எனவே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதே குழு 10 மடங்கு கணக்கிடுகிறது. என்னைக் கேட்டால், எலிகள் தந்த விடைகளில் மிகவும் மதிப்புள்ளது இதுவே. ஒரு கிணற்று நீர் பாதுகாப்பானதா என்று கேட்கும்போது, அதில் பால்மாவு கரைத்துக் குடிக்கும் குழந்தையையும் எண்ண வேண்டியிருக்கிறது. சீசியமோ ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் சேர்ந்துவிடும். அதற்குக் குடல் தடையே அன்று, கண்ணாடிதான் தடை.

அந்தத் தடை எத்தனை காலம் நிற்கும் என்பதை எலி சொல்லாது. அதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள். புளூட்டோனியம் 239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் ஆகும். இதே கடற்கரையில் இன்னும் தெற்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் மண்ணில் கிடந்த கண்ணாடி மணிகள் நிறம் மாறாமல் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றின் கலவை வேறு. கதிரியக்கமும் அவற்றினுள் இல்லை.