நெசவாளியின் பரணும் பிரயாணியின் படுக்கையும்

பிரான்சு தேசத்தின் லியோன் நகரம், நம் ஆரணியைப் போலவே பட்டினால் பெயர் பெற்ற ஊர். அங்கே குருவா-ரூஸ் என்று வழங்கும் குன்றின் சரிவில் அடுக்கடுக்காய் நிற்கும் பழைய வீடுகளில், ஓரிரவு தங்க இடம் தேடும் பிரயாணிக்குச் சில சமயம் ஒரு விசித்திரமான அறை கிடைக்கும். நாலு மீட்டர் வரை எழுந்த சுவர், அந்த உயரத்துக்கேற்ற நெடிய ஜன்னல், தலைக்கு மேலே வரிசையாய் ஓடும் மர உத்திரங்கள், ஒரு மூலையில் அடுப்படிக்கு மேலாக ஏணி வைத்து ஏறும் ஒரு பரண்: இவ்வளவுதான் அந்த அறை. படுக்கை அந்தப் பரண்மேல் இருக்கும்.

ஆனால் அந்த உயரம் தறிக்காக எழுப்பப்பட்டது என்பதையும், அந்தப் பரணில் முதலில் படுத்தவர்கள் நெசவாளியும் அவன் மனைவி மக்களும், அவனிடம் தொழில் பழகவந்த பிள்ளைகளுமே என்பதையும் அறிந்தால், பட்டுநெசவு தெரிந்த ஊர்க்காரனுக்கு அந்த அறையின்மேல் வேறொரு பற்று உண்டாகும். லியோன்காரரான ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துளையிட்ட அட்டைகளை ஒன்றோடொன்று கோத்து, எந்தெந்த இழை எப்போது மேலெழ வேண்டும் என்பதை அந்தத் துளைகளே தீர்மானிக்கும்படியான ஒரு கருவியை உருவாக்கினார். அது தறிக்குப் பக்கத்தில் நிற்பதன்று. தறியின் தலைமேல் ஏறி உட்காருவது. ஆகவே பழைய நகரத்தின் தாழ்ந்த கூரைகள் அதற்குப் போதவில்லை. குன்றின்மேல் புதிய வீடுகள் எழுந்தன. தறிக்கு உயரம், பட்டின் நிறம் பார்க்க வெளிச்சம், இவ்விரண்டையும் கொடுத்தபின் எஞ்சிய மூலையில் மனிதர்களுக்குப் பரண் அமைந்தது. கனூ என்று அழைக்கப்பட்ட அந்த நெசவாளிகள் நெசவுக்கூலிக்கு ஒரு நிலையான விகிதம் வேண்டுமென்று கேட்டு, அது மறுக்கப்பட்டபோது 1831-இல் வீதியில் இறங்கியதும், 1834-இல் மறுபடி எழுந்ததும் அந்த வீடுகளிலிருந்துதான்.

இதே ஜக்கார்டுப் பெட்டி இன்று ஆரணியிலும், சேவூரிலும், தேவிகாபுரத்திலும் தறிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நம் வீட்டையும் தறியே அளந்திருக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. நெசவாளர் தெருவில் ஓட்டு வீடு ஒன்றினுள் நுழைந்தால், முன்கூடத்தின் பெரும்பாகத்தைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். தரையில் வெட்டிய குழியில் காலை இறக்கி, தரைமட்டத்திலேயே அமர்ந்து, குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி மிதித்து நெய்பவருக்கு, நாற்காலியோ மேடையோ வேண்டியதில்லை. லியோன்காரன் தறிக்காகக் கூரையை உயர்த்தினான்; நம்மவர் தறிக்காகத் தரையைத் தோண்டினார்கள். காரியம் ஒன்று, வழி இரண்டு. தறிக்கு வடக்கே சுவரோரம் பாய், தெற்கே அடுப்பு, மேலே உத்திரத்தில் கட்டிய தூளி என்று, குழந்தை உட்பட அந்த வீட்டார் எல்லோரும் தறி விட்டுக்கொடுத்த இடத்தில்தான் உறங்குகிறார்கள்.

இனிப் பிரயாணியின் படுக்கைக்கு வருவோம். குறைந்த வாடகையும் விநோதமான அமைப்பும் ஒருங்கே வாய்ந்த விடுதிகள் ஐரோப்பாவில் எப்படி உண்டாயின என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒரே காரணம் தெரியவருகிறது: வேறொரு காரியத்துக்காகக் கட்டப்பட்டு, அந்தக் காரியம் முடிந்தபின் சும்மா கிடக்கும் கட்டடத்துக்குப் புதிதாய் முதல் போட வேண்டியதில்லை. ரிச்சர்டு ஷிர்மன் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், மாணவர்களுடன் நடைப்பயணம் போன வழியில் மழையில் அகப்பட்டு ஒதுங்க இடம் தேடி வருந்தியதன் பயனாக, 1912-இல் ஆல்டெனா ஊரின் பழைய கோட்டையில் இளைஞர்களுக்கென ஒரு விடுதியைத் திறந்தார். ஸ்லோவேனியாவின் லியூப்லியானா நகரில் பழைய ராணுவச் சிறை ஒன்று, கலைஞர்கள் கைபட்டு 2003-இல் விடுதியாயிற்று; கைதிகள் கிடந்த அறைகளில் இப்போது யாத்திரிகர்கள் உறங்குகிறார்கள். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பெரிய கான்கிரீட் வடிகால் குழாய்களுக்குள்ளேயே படுக்கை போட்டு, மனம்போல் கொடுத்துப் போகலாம் என்று வைத்தார்கள்.

நம் நாட்டு மரபு இதற்கு நேர் மாறானது. இங்கே வழிப்போக்கனுக்கென்றே கட்டடம் எழுப்பினார்கள். மதுரையில் ராணி மங்கம்மாள் பெயரால் விளங்கும் சத்திரமும், 1802-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் நிறுவிய சத்திரமும் தர்மத்துக்காக எழுந்தவை. அந்தத் தர்மம் குன்றியபின் அந்த இடத்தைப் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள லாட்ஜு பிடித்துக்கொண்டது. அங்கே தூக்கம் கிடைக்கும், ஊர் கிடைக்காது.

ஆரணிக்கு வருபவர்களைப் பாருங்கள். ரயிலில் வருபவர் ‘ஆரணி ரோடு’ என்ற பெயரை நம்பி இறங்கினால், அவர் நிற்பது களம்பூரில். அங்கிருந்து பேருந்து பிடித்து ஊருக்குள் வரவேண்டும். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வரும் குடும்பமோ காலையில் வந்து, கடையில் புடவைகளை விரித்துப் பார்த்து, விலை பேசி, பொழுது சாயுமுன் திரும்பிவிடுகிறது. காஞ்சிபுரத்துப் பட்டைவிட எடை குறைந்ததென்றும், புவிசார் குறியீடு பெற்றதென்றும் பேர் பெற்ற இந்தப் பட்டை, கையில் ஏந்திப் பார்க்கும் அந்தப் பெண், அதை நெய்த தறியை ஒருநாளும் கண்டதில்லை. ஒரு முழம் நெய்ய நாடா எத்தனை முறை போய்வர வேண்டும், அறுந்த இழையை முடிவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதெல்லாம் தெரியாதவர் விலையைக் குறைத்துக் கேட்பதில் ஆச்சரியம் என்ன?

தங்கும் விடுதி என்ற பேச்சு எழுந்தால், பூசிமலைக்குப்பத்தில் ஆரணி ஜாகீர்தார் கட்டிய ஐரோப்பியப் பாணி மாளிகையைச் சிலர் நினைவுகூர்கிறார்கள். பல ஆண்டுகளாய்ச் சிதைவுற்று நின்ற அழகிய கட்டடம்; அதைக் காக்கவேண்டுமென்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆயினும் அது விடுதியானால் செல்வர்களின் விடுதியாகவே ஆகும். நான் விரும்புவது தறிவீட்டில் ஒரு பாய்.

அதற்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி, உரிமையாளர் தாமும் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை முதல் ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு விட்டு, படுக்கையும் காலைப் பலகாரமும் கொடுக்கலாம். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் சந்தேரிக்கு அருகேயுள்ள பிராண்பூர் என்னும் நெசவுக் கிராமம் இந்த வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. நம் வீடுகளில் தடை வேறு: விருந்தினருக்கு விட மிச்ச அறை எங்கே? சுத்தமான கழிப்பறை எங்கே? ஒரு குடும்பத்தின் சக்திக்கு மீறிய இந்தச் செலவை, நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ நகராட்சியோ முன்வந்து, இரண்டு மூன்று வீடுகளுக்குப் பொதுவாய் ஒரு கழிப்பறையும் குளியலறையும் கட்டிக்கொடுத்துத் தாங்க வேண்டும். தறி நின்றுபோய், குழியை மண்ணிட்டு மூடிச் சிமெண்டு பூசிய கூடங்கள் உண்டு. அவற்றில் விருந்தினர் படுக்கட்டும், பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருக்கட்டும்.

பக்கத்துத் தறி ஓடவேண்டும் என்பதை நான் வற்புறுத்தக் காரணம் லியோன். அந்தக் குன்றில் பிரயாணிகளுக்குப் படுக்கை வந்தது, தறிகள் ஓய்ந்தபின். நெசவு இயந்திரங்களுக்கும் செயற்கை இழைக்கும் இடங்கொடுத்து அகன்றது; காலியான வீடுகளில் மாணவர்களும் கலைஞர்களும் குடியேறினார்கள்; 1998-இல் யுனெஸ்கோ அந்தச் சரிவையும் சேர்த்து உலகப் பாரம்பரிய ஸ்தலமாக ஏற்றது; இன்று அங்கே வாடகை ஏறிவிட்டது, தறியோ பார்வையாளருக்கு நெய்துகாட்டும் காட்சிப்பொருளாக நிற்கிறது. உயரம் மட்டும் இருக்கிறது. அந்த உயரத்தைக் கேட்ட தறி இல்லை. ஆரணியில் தறி இன்னும் இருக்கிறது.

அப்படி ஒருவர் வந்து தங்கினால் விடியற்காலையில் அவரை எழுப்ப ஆள் வேண்டாம். மிதியின் சத்தமும் பலகை தட்டும் சத்தமும் ஜக்கார்டு அட்டை புரளும் சத்தமும் சுவருக்கு அப்பாலிருந்து வரும். வாசலுக்கு வந்தால், வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்கும் பாவை விரித்து, இருபுறமும் ஆட்கள் நின்று இழைகளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கமண்டல நாகநதிப் பக்கமிருந்து காற்று கொஞ்சம் அடித்தாலும் இழை கலையும் என்பதால் யாரும் அதிகம் பேசமாட்டார்கள். பாவைச் சுருட்டி முடிக்கும்வரை, அந்த விருந்தினர் திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்கலாம். காப்பி அதற்குள் வந்துவிடும்.