முன்பின் தெரியாதவரிடம் கவிதை வாங்குவது எப்படி?

உங்கள் நாய்க்குட்டியைப் பேரரசர் உடையில் வரைந்து தர ஒருவர் இருக்கிறார். கடற்கரை மணலில் உங்கள் நண்பரின் பெயரை எழுதிப் படமெடுத்து அனுப்ப இன்னொருவர். கைப்பொம்மையின் வாயால் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல மற்றொருவர். எதுவானாலும் விலை 5 டாலர். இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் மைக்கா காஃப்மன், ஷாய் வினிங்கர் இருவரும் நிறுவிய 'ஃபைவர்' தளம் 2010 பிப்ரவரியில் கடை விரித்தபோது, அதன் கவர்ச்சியே இதுபோன்ற கிறுக்குத்தனங்கள்தாம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், அது நியூயார்க் பங்குச் சந்தையில் பங்கு ஒன்றுக்கு 21 டாலர் என்ற விலையில் அடியெடுத்து வைத்தது.

விளையாட்டாகத் தோன்றும் இந்த வணிகத்தின் அடியில் பொருளாதாரவியலின் கனமான கேள்வி ஒன்று கிடக்கிறது. பார்த்திராத ஊரில் இருக்கும் பழகியிராத ஒருவருக்கு, அவர் இன்னும் செய்யவே தொடங்காத ஒன்றுக்காக முன்கூட்டியே பணம் கட்டுகிறோமே, எதை நம்பி?

தரம் தெரியாத சந்தை

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து இதற்கு அச்சமூட்டும் விடை ஒன்றைச் சொன்னார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எதற்கும் ஒரு நடுத்தர விலையைத்தான் தருவார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல கார் வைத்திருப்பவர் விலகிக்கொள்வார். மிஞ்சுவது ஓட்டைக் கார்கள். கடைசியில் சந்தையே படுத்துவிடலாம். இந்த ஆய்வுக்காக அவர் 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

படைப்பு வேலைகளில் சிக்கல் இன்னும் கூடுதல். காரையாவது ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். கேட்டு எழுதி வாங்கும் நகைச்சுவைக் கவிதையை எப்படி ஓட்டிப் பார்ப்பது? சிரிப்பு வராவிட்டால் அது யாருடைய குற்றம்?

வேலைக்கு ஒரு விலைப்பட்டியல்

அதுவரை இருந்த எலான்ஸ், ஓடெஸ்க் போன்ற தளங்களில் வேலை கொடுப்பவர் விளம்பரம் போடுவார். செய்ய விரும்புபவர்கள் விலை சொல்லிப் போட்டியிடுவார்கள். ஃபைவர் இதைத் தலைகீழாக்கியது. இங்கே கடை போடுபவர் செய்பவர். என்ன செய்து தருவேன், எத்தனை நாளில் தருவேன், எத்தனை முறை திருத்தித் தருவேன், என்ன விலை என்று எல்லாவற்றையும் அவரே முன்கூட்டிப் பட்டியல் போட்டுவிடுவார். இந்தப் பட்டியலுக்கு அங்கே 'கிக்' என்று பெயர். உழைப்பு, அலமாரியில் அடுக்கிய சரக்கைப் போல எடுத்துக் கூடையில் போடக்கூடியதாகிவிட்டது.

இதனால் என்ன லாபம்? பொருளின் விலைக்கு மேல், ஆளைத் தேடவும் பேரம் பேசவும் ஒப்பந்தம் போடவும் ஒரு செலவு உண்டு என்பதை ரொனால்டு கோஸ் 1937இலேயே விளக்கியிருந்தார். 5 டாலர் வேலைக்குப் பத்து மின்னஞ்சல் பரிமாற வேண்டியிருந்தால் இரு தரப்புக்கும் நட்டம். எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்ற விதி அந்தப் பேரத்தை அடியோடு ஒழித்தது. தளம் வேரூன்றிய பிறகு கூடுதல் பணிகளுக்குக் கூடுதல் கட்டணம் வந்தது. பின்னர் மூன்று அடுக்கு விலைத் தொகுப்புகளும் வந்தன. இன்று நூற்றுக்கணக்கான டாலர் கேட்கும் கலைஞர்களும் அங்கே உண்டு.

விநோதங்களுக்கு வாழ்வு கிடைத்ததற்கு இன்னொரு காரணம் சந்தையின் பரப்பு. கைப்பொம்மை வாழ்த்துக்காரர் ஓர் ஊரை மட்டும் நம்பியிருந்தால் பட்டினி கிடக்க வேண்டியதுதான். உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் ரசிகர்களை ஒரே இடத்தில் திரட்டினால் அது ஒரு வருமானம். ஆனால் கலைஞர்கள் இல்லாத தளத்துக்கு ரசிகர் வரமாட்டார். ரசிகர் இல்லாத தளத்தில் கலைஞர் தங்கமாட்டார். இத்தகைய இருபக்கச் சந்தைகளில் எந்தப் பக்கத்திடம் எவ்வளவு கட்டணம் வாங்குவது என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் என்று ஜான் ஷார்ல் ரோஷேவும் ஜான் டிரோலும் 2003இல் காட்டினார்கள்.

நடுவில் நிற்கும் பணம்

ஆர்டர் கொடுத்ததும் நாம் கட்டும் பணம் கலைஞருக்குப் போவதில்லை. தளம் அதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறது. வேலை வந்து சேர்ந்ததும் ஏற்கலாம், அல்லது திருத்தம் கேட்கலாம். மூன்று நாள் வாய் திறக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. அதன்பிறகும் பெரும்பாலான கலைஞர்கள் பணத்தை எடுக்க 14 நாள் காத்திருக்க வேண்டும். ஃபைவர் பிடித்துக்கொள்ளும் பங்கு 20 சதவீதம். தொடக்கத்திலும் 5 டாலரில் 4 டாலர்தான் கலைஞருக்கு. வாங்குபவரிடம் தனியாகவும் ஒரு சேவைக் கட்டணம் உண்டு.

கலைஞரும் வாடிக்கையாளரும் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ பரிமாறிக்கொண்டு வெளியே பணம் கொடுத்து வாங்குவதற்குத் தளம் தடை விதிப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒருமுறை நம்பிக்கை பிறந்துவிட்டால் இருவருக்கும் தரகர் தேவையில்லை. தரகர் பிழைக்க வேண்டுமானால் அவர்கள் ஒவ்வொரு முறையும் அவர் வாசல் வழியாகவே வர வேண்டும்.

நட்சத்திரத்துக்கு என்ன விலை?

பணம் பத்திரமாக இருந்தால் ஏமாற்றைத் தடுக்கலாம். திறமையைக் காட்ட முடியாது. அதற்காகத்தான் நட்சத்திரங்களும் விமர்சனங்களும். இவற்றுக்கு உண்மையில் மதிப்பு உண்டா என்று பால் ரெஸ்னிக்கும் உடன் ஆய்வாளர்களும் ஈபே தளத்தில் சோதித்தார்கள். நற்பெயர் பெற்ற ஒரு விற்பனையாளர் தன் பழைய அஞ்சலட்டைகளைச் சொந்தக் கணக்கிலும், புதிதாகத் தொடங்கிய கணக்குகளிலும் விற்றார். சரக்கு ஒன்றே, ஆளும் ஒருவரே. ஆனால் நற்பெயருள்ள கணக்குக்கு வாங்குவோர் 8.1 சதவீதம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தது 2006இல் வெளியான அந்த ஆய்வில் தெரிந்தது.

மதிப்புள்ள எதற்கும் போலி வரும். ஃபைவரில் காசு வாங்கிக்கொண்டு பொய் விமர்சனம் எழுதித் தருவதாகச் சொன்ன 1,114 பேர் மீது 2015 அக்டோபரில் அமேசான் வழக்குப் போட்டது. ஆனால் போலி இல்லாத இடத்திலும் நட்சத்திரங்கள் நீர்த்துப்போகின்றன. ஓர் இணைய வேலைச் சந்தையின் பல ஆண்டுத் தரவுகளை அலசிய அபோஸ்டலோஸ் ஃபிலிப்பாஸ், ஜான் ஹார்ட்டன், ஜோசப் கோல்டன் மூவரும், வேலையின் தரம் உயர்ந்ததை விட மிக வேகமாக மதிப்பெண்கள் உயர்ந்துவருவதைக் கண்டார்கள். ஒருவர் பிழைப்பைக் கெடுப்பானேன் என்ற தாட்சண்யத்தில் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போடுகிறோம். எல்லாருக்கும் ஐந்து என்றால் அந்த ஐந்துக்கு அர்த்தமில்லை.

முதல் ஆர்டர் யார் தருவார்?

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. கூட்டம் இருக்கும் கடைக்கே கூட்டம் சேர்கிறது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 14,341 பேரை இணையத்தில் திரட்டி, பெயர் தெரியாத இசைக் குழுக்களின் 48 பாடல்களை முன்வைத்தார்கள். சிலர் பாடல்களை மட்டும் கேட்டார்கள். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். தங்கள் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பது அவர்களுக்குக் காட்டப்பட்டது. எண்ணிக்கையைப் பார்த்தவர்களிடையே வெற்றிப் பாடலுக்கும் தோல்விப் பாடலுக்கும் இடையிலான பள்ளம் பெரிதானது. ஓர் உலகத்தில் முன்னணியில் நின்ற பாடல் இன்னோர் உலகத்தில் பின்தங்கியது. மிக நல்ல பாடல்கள் அநேகமாக மண்ணைக் கவ்வவில்லை, மிக மோசமானவை கொடி கட்டவில்லை என்பது மட்டும் ஆறுதல். இடையில் இருந்தவற்றின் தலையெழுத்தில் தற்செயலுக்கும் பெரும் பங்கு இருந்தது.

கிக் போடும் புதியவரின் நிலையும் இதுவே. விமர்சனம் இல்லாமல் ஆர்டர் வராது. ஆர்டர் இல்லாமல் விமர்சனம் வராது. நீந்தப் பழகிய பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம் என்பது மாதிரி. இந்த முடிச்சை அவிழ்க்க முடியுமா என்று அமாண்டா பலாய்ஸ் ஓடெஸ்க் தளத்தில் சோதித்தார். குலுக்கல் முறையில் தேர்ந்த 952 பேருக்குச் சிறிய தரவுப் பதிவு வேலை கொடுத்து, செய்து முடித்தபின் பொதுவில் மதிப்பீடு எழுதினார். 2014இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: அந்த ஒரு வேலை கிடைத்ததாலேயே அவர்களுடைய அடுத்தகட்ட வேலைவாய்ப்பு கணிசமாக உயர்ந்தது. விரிவான மதிப்பீடும் தன் பங்குக்கு அதை உயர்த்தியது.

நாளைய சவால்

விநோத வேலைகளில் ஆபத்தும் உண்டு. 2017இல் யூடியூப் பிரபலம் பியூடிபை, ஃபைவர் வழியாக இந்தியாவைச் சேர்ந்த இரு இளைஞர்களைக் கொண்டு யூத வெறுப்பு வாசகம் ஒன்றைப் பதாகையில் பிடிக்கவைத்தார். டிஸ்னிக்குச் சொந்தமான மேக்கர் ஸ்டூடியோஸ் அவருடனான உறவை முறித்துக்கொண்டது. வாசகத்தின் பொருளே தெரியாது என்ற இளைஞர்களின் கணக்கும் முடக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டது. கேட்டவர் ஒருவர், பழி சுமந்தவர்கள் வேறு.

இப்போது படம் வரையவும் பாட்டு எழுதவும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. ஃபைவர் நிறுவனமே 2025 செப்டம்பரில் சுமார் 250 ஊழியர்களை, அதாவது பணியாளர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேரை, குறைப்பதாக அறிவித்தது. இயந்திரம் இலவசமாகத் தருவதற்கும் மனிதர் காசுக்குச் செய்வதற்கும் வேறுபாடு தெரிய வேண்டுமானால் ஐந்து நட்சத்திரம் போதாது. அதை விளக்கிச் சொல்லும் வாடிக்கையாளர்கள் வேண்டும்.

ஆகவே இத்தகைய தளம் எதிலாவது அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போது, மாதிரிகள் நன்றாக இருந்தால் விமர்சனமே இல்லாத ஒரு புதியவருக்குக் கொடுத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், எது நன்றாக வந்தது, எது வரவில்லை என்று நான்கு வரி எழுதுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிடச் செலவு. அவருக்கு அதுதான் அடுத்த ஆர்டர்.