அருவியாற்றை நம்பி நடந்த இருவர்

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைக்கு அணித்தாய் வஹகோட்டை என்றொரு சிற்றூர் உண்டு. புனித அந்தோனியார் திருவிழாவுக்குச் சென்று வந்தவர்கள் அவ்வூரை அறிவர். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் சிறைப்பட்ட போர்த்துக்கேயப் போர்வீரர் குடியமர்த்தப்பட்ட இடம் அது என்பது ஊர் மரபு. வந்தவர்கள் மணமுடித்தார்கள், வயலுழுதார்கள், மொழியையும் மாற்றிக்கொண்டார்கள். சமயத்தை மட்டும் விட்டிலர்.

அதே மன்னனிடம் சிறைப்பட்டும் மண்ணோடு கலக்க மறுத்த ஒருவனைப் பற்றியே ஈண்டுச் சொல்லப் புகுந்தோம். அவன் பெயர் இராபர்ட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டில், புயலில் பழுதுற்ற கப்பலோடு கொட்டியாரக் குடாவில் வந்திறங்கியபோது பிடிபட்டான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. மறு ஆண்டிலேயே தந்தை காய்ச்சலால் இறந்தார். தனித்து நின்ற இளைஞன் தொப்பி பின்னி விற்றான். பின்னர் சில்லறைப் பண்டங்களைச் சுமந்து ஊர் ஊராய்த் திரிந்தான். வணிகம் வயிற்றுக்கு மட்டுமன்று, வழி அறிவதற்கும் உதவிற்று. வடக்கே செல்லும் பாதைகளை அவனும் தோழன் இஸ்டீபன் இரட்லண்டும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர்.

1679 செப்டெம்பர் 22இல் எலதெத்தையிலிருந்து புறப்பட்டனர். மான் இறைச்சி வாங்க வந்தோம் என்பது வழியெங்கும் அவர்கள் சொன்ன சாக்கு. அநுராதபுரத்தை அடைந்தபோது ஒரு புதுமை கண்டனர். அங்கிருந்த மக்களுக்கு அவர்கள் பேசிய சிங்களம் விளங்கவில்லை. அவர்கள் ‘மலபார்’ மக்கள் என்று எழுதுகிறான் நொக்ஸ். அக்கால ஐரோப்பியர் தமிழரைக் குறித்த பெயர் அதுவே.

அக்டோபர் 12, ஞாயிறு இரவு. தேய்பிறை நிலவின் துணையோடு மல்வத்து ஓயாவைப் பற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினர். நாம் அருவியாறு என்றழைக்கும் அதே ஆறுதான். பத்து நாளைக்கு அரிசி, உலர்ந்த இறைச்சி, உப்பு, மிளகு. சோறாக்க ஒரு கலம். நீர் மொள்ள இரண்டு சுரைக்குடுக்கை. முள் தைக்காதிருக்கக் காலுக்குக் கட்ட மான்தோல். கூடாரத்துக்குப் பெரிய தாளிப்பனை ஓலை இரண்டு. நீண்ட கழியில் பிணித்த சிறு கோடரியும் இடுப்பில் கத்தியுமே ஆயுதம். சிறுத்தைக்கும் கரடிக்கும் இவை போதும். யானை வந்தால் ஓடுவதே காவல் என்று அவன் கணக்கிட்டிருந்தான்.

இக்காலத்தில் நியூசிலாந்தின் வங்கனூயி ஆற்றில் சிறு படகேறி, ஐந்து நாள் காட்டினூடே மிதந்து, கரையில் கூடாரமடித்து மகிழ்வோர் பலர். நொக்ஸுக்குப் படகும் இல்லை. படகுக்கேற்ற ஆறும் அன்று அதுவன்று. பாறைகளும் முதலைகளும் மலிந்த ஆறு. கரையோ முட்புதர். மணற்படுகை வாய்த்த இடத்தில் அதிலே நடந்தனர்.

விலங்கினும் மனிதரையே அவர்கள் அஞ்சினர். ஒருநாள் ஆட்கள் இருப்பதை உணர்ந்ததும் பொந்து விழுந்த மரமொன்றினுள் புகுந்து, சேற்றில் நின்றபடியே இருட்டும்வரை காத்திருந்தனர். வெளிவந்தபின் பின்புறம் மனிதக் குரல்கள் கேட்டன. கூடவே கிளைகள் முறியும் ஓசை. குரலுக்கும் தங்களுக்கும் இடையே யானைகள்! கலங்கவேண்டிய வேளையில் அவர்கள் ஆறுதலடைந்தனர். யானை நிற்கும் வழியில் இரவில் எவரும் துரத்திவரார் அல்லவா? மதங்கொண்ட காட்டையே மதிலாகக் கொண்ட அந்த ஒரு கணத்துக்காகவே அவன் நூலைப் படிக்கலாம்.

ஆறு இறங்க இறங்கக் காட்டின் இயல்பு மாறிற்று. மரத்தடியில் சோறு சமைத்துக்கொண்டிருந்த அந்தணர் இருவரைக் கண்டனர்; கண்டியரசனின் எல்லையைக் கடந்துவிட்டோம் எனத் தெளிந்தனர். அக்டோபர் 18, சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணியளவில் அரிப்பு என்னும் ஒல்லாந்தர் கோட்டை வாயிலில் நின்றனர். சிறைவாசம் பத்தொன்பதரை ஆண்டு. விடுதலைக்கு நடந்த ஆற்றுவழி ஆறே நாள்.

1681இல் இலண்டனில் அவன் நூல் வெளிவந்தது. டானியல் டிஃபோவின் இராபின்சன் குரூசோவுக்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்பர் ஆராய்ச்சியாளர். எம் மனம் அப்புகழில் தங்கவில்லை. எலதெத்தையில் அவனுக்கு வீடும் தோட்டமும் இருந்தன. சக கைதி ஒருவரின் மகளான லூசியா என்ற சிறுமியை அவன் தன் பிள்ளைபோல் வளர்த்துவந்தான். அவளைக் காட்டுவழியில் அழைத்துச்செல்லல் இயலாது. விட்டே போனான். இங்கிலாந்து சேர்ந்தபின், கண்டியில் எஞ்சியிருந்த தோழருக்கு ஒரு மடல் எழுதினான். அவ்வீடும் நிலமும் இனி லூசியாவுக்கே உரியவை என்று அதில் குறித்திருந்தான்.