பசுமை காட்டும் பட்டமரம்
துனேர் மரத்தின் திசுக்களும் அதன் பாதுகாப்பும்

இமயமலைத் தொடரில் காஷ்மீரம் முதல் அருணாசலப் பிரதேசம் வரையிலும், மேகாலயத்தின் காசிக் குன்றுகளிலும், ஓங்கி வளர்ந்த பிற மரங்களின் நிழலில் அடக்கமாக வளரும் ஊசியிலை மரம் ஒன்று உண்டு. கடுவால் பகுதி மக்கள் இதனைத் துனேர் என்பர். தாவர நூலார் இதற்கு டாக்சஸ் வாலிச்சியானா எனப் பெயரிட்டுள்ளனர். மலைவாழ் மக்கள் சிலர் இதன் பட்டையைத் தேயிலைபோலக் காய்ச்சிப் பருகுவதுண்டு.

இம்மரத்தின் இனத்தைச் சேர்ந்த பசிபிக் யூ மரத்தின் பட்டை, 1962இல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காகத் திரட்டப்பட்டது. மன்ரோ வால் என்பாரும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி என்பாரும் அதிலிருந்து டாக்சால் என்னும் பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டனர். 1992இல் அது சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அங்கீகாரம் பெற்றது. மருந்தின் தேவை பெருகவே, துனேர் மரங்களின் இலையும் பட்டையும் பேரளவில் கவரப்பட்டன. மெதுவாக வளரும் இம்மரம் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது குன்றியது. 1995இல் இது பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்று அழிவின் விளிம்பை நோக்கும் இனங்களுள் ஒன்றாகவும் இது கருதப்படுகிறது.

உயிரணுவினுள்

மருந்தின் செயலை அறிய உயிரணுவின் அமைப்பை நோக்குதல் வேண்டும். உயிரணுவினுள் புரதத்தாலான மிக நுண்ணிய குழாய்கள் உள்ளன. உயிரணு பிளவுறும்போது இவை கதிர்போல் அமைந்து, குரோமோசோம்களை இருபுறமும் ஈர்த்துப் பிரிக்கின்றன, பின்னர்க் கலைந்துவிடுகின்றன. டாக்சால் இக்குழாய்களைக் கலையவொட்டாமல் இறுக்கி நிறுத்துவதால் உயிரணுப் பிளவு தடைப்படுகிறது. தாவர உயிரணுக்களில் இதே நுண்குழாய்கள் வேறொரு பணியும் ஆற்றுகின்றன. உயிரணுச் சுவரில் செல்லுலோஸ் இழைகள் எத்திசையில் படிய வேண்டும் என்பதற்கு இவையே வழிகாட்டுகின்றன.

இரு பாதைகள்

மரத்தினுள் பொருள்கள் செல்லும் பாதைகள் இரண்டு. உட்புறத்திலுள்ள மரக்கட்டை சைலம் என்னும் திசுவாகும். துனேரில் இது நீண்டு ஒடுங்கிய, உயிர்ப்பொருள் நீங்கிய அணுக்களால் பெரும்பாலும் ஆனது. அவற்றின் சுவரிலுள்ள குழிகளின் வழியே நீர் ஓரணுவிலிருந்து மற்றோரணுவுக்குப் புகுந்து மேலேறுகிறது. பட்டையின் உட்பகுதியிலுள்ள புளோயம் உயிருள்ள திசு. இலைகள் ஆக்கிய சர்க்கரை இதன் வழியே வேர்களுக்கு இறங்குகிறது. இரண்டிற்கும் இடையே மெல்லிய கேம்பியம் அமைந்து, ஆண்டுதோறும் இருபுறமும் புதிய அணுக்களைத் தோற்றுவிக்கிறது.

எனவே, பட்டையைச் சுற்றிலும் உரிப்பவர் புளோயத்தையும், பெரும்பாலும் கேம்பியத்தையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றனர். மரக்கட்டை சிதையாததால் நீர் தொடர்ந்து மேலேறும். இலைகளும் உடனே வாடுவதில்லை. ஆயினும் வேர்களுக்கு உணவு கிட்டுவதில்லை. சேமிப்பு தீர்ந்ததும் வேர்கள் மடிய, மரமும் மடிகிறது. அதுவரை அம்மரம் பசுமையாகவே நிற்கும். இத்தகைய மரத்தைக் களப்பணியாளர் உயிருள்ளதெனக் கணக்கில் சேர்த்தால், காட்டின் நிலை குறித்துத் தவறான முடிவே கிட்டும். கணக்கெடுக்கும்போது இலையை மட்டுமன்றி, அடிமரத்தைச் சுற்றிவந்து பட்டையையும் பார்த்தல் இன்றியமையாதது. பட்டை ஒருபுறம் மட்டும் உரிந்திருப்பின், எஞ்சிய பகுதி வழியே உணவு இறங்கும். காயத்தின் ஓரத்திலிருந்து புதிய திசு வளர்ந்து மூடுவதும் உண்டு.

வகுப்பறையில்

இவ்வுண்மையை மாணவருக்குக் காட்டுதல் எளிது. காசித்தும்பைச் செடியின் தண்டைச் சிவப்பு மை கலந்த நீரில் சில மணி நேரம் நிறுத்தினால், நீர் ஏறும் பாதை செந்நிறமாகத் தெரியும். செம்பருத்திக் கிளை ஒன்றில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கினால், சில வாரங்களில் வளையத்தின் மேல்விளிம்பு புடைக்கக் காணலாம். இறங்கிய உணவு அங்கே தேங்குவதே காரணம். 17ஆம் நூற்றாண்டில் மால்பிகி என்னும் இத்தாலிய அறிஞர் இதைக் கண்டு கூறினார். தோட்டக்காரர் விண்பதியம் இடுவதும் இவ்வுண்மையைப் பயன்படுத்தியே.

காக்கும் வழி

துனேரில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியே உள்ளன. பெண் மரத்தின் விதையைச் சூழ்ந்த செந்நிறச் சதையைப் பறவைகள் உண்டு விதையைப் பரப்புகின்றன. விதை முளைக்க நெடுங்காலம் ஆகும். ஆகவே ஒரு பகுதியில் ஒருபால் மரங்கள் அழிந்தால், எஞ்சியவற்றால் அங்கே விதை உண்டாகாது. தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து நாற்று வளர்க்க இயலும்; ஆயினும் துண்டுகளை ஓரிரு மரங்களிலிருந்தே எடுத்தால் இனத்தின் மரபு வேறுபாடு குறுகிவிடும். பல இடங்களிலுள்ள இருபால் மரங்களிலிருந்தும் எடுத்தலே தக்கது.

ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கிட்டும் ஒரு பொருளிலிருந்தும், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் தாவர உயிரணுக்களிலிருந்தும் இம்மருந்தை ஆக்கும் முறைகள் பின்னர்க் கண்டறியப்பட்டன. மருந்துக்காக மரத்தைக் கொல்ல வேண்டுவதில்லை. இலை எடுப்பதாயினும், சிறு கிளைகளில் ஒரு பகுதியை மட்டும் கொய்து, மீண்டும் தழைக்கக் காலம் விடுதல் வேண்டும். அடிமரத்தைச் சுற்றிக் கத்தி படாதவாறு காப்பது களப்பணியாளர் கடன். அதன் காரணத்தை இளையோர் உள்ளத்தில் பதிப்பது ஆசிரியர் கடன்.