இந்த கேட் திறந்தால்தான் மோரேயில் அடுப்பு எரியும்

மணிப்பூர் தலைநகர் இம்பாலிலிருந்து தென்கிழக்கே 110 கிலோமீட்டர். மலை ஏறி, மலை இறங்கி, கடைசியாக பஸ் நிற்கும் ஊர் மோரே. அதற்கு அப்பால் இந்தியா இல்லை. பர்மா, அதாவது இன்றைய மியான்மர்.

பயணக் களைப்போடு இறங்கும் தமிழருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கோபுரம்! அங்காளபரமேஸ்வரி கோவில். பக்கத்திலே தமிழ்ச் சங்கம். இட்லி கேட்டால் இட்லி கிடைக்கும். அதே கடையில் பர்மிய அத்தோவும் கிடைக்கும்.

கன்னியாகுமரியிலிருந்து பார்த்தால் நாட்டின் மறுகோடி. இங்கே தமிழர் எப்படி வந்தார்கள்?

பர்மாவில் 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளும் வியாபாரமும் அரசுடைமை ஆயின. சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேற நேர்ந்தது. கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியவர்களை முகாம்களில் வைத்தார்கள். அவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தாய்நாடு என்று சொல்லி அனுப்பிய இடம் அவர்களுக்குப் புது நாடாக இருந்தது.

முகாம் வாழ்க்கை பிடிக்காத சிலர் ரயிலேறி வடகிழக்கே வந்தார்கள். மலைப்பாதையில் நடந்து மறுபடியும் பர்மாவுக்குள் போய்விடலாம் என்று நினைப்பு. எல்லையில் பர்மியப் படை மறித்தது. முன்னே போக வழியில்லை. பின்னே போக மனமில்லை. நின்ற இடத்திலேயே குடிசை போட்டார்கள். அதுதான் மோரே தமிழர் கதையின் ஆரம்பம்.

தலைச்சுமை வரை சலுகை

இந்த எல்லைக்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் கோடு மலைவாழ் மக்களின் ஊர்களையும் உறவுகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நாகாலாந்தின் லோங்வா கிராமத்திலே தலைவர் வீட்டின் நடுவிலேயே எல்லை ஓடுகிறது. அடுப்படிக்குப் போக பாஸ்போர்ட் கேட்க முடியுமா?

ஆகவே 1948-ல் பர்மாவும், 1950-ல் இந்தியாவும் விதியைத் தளர்த்தின. எல்லையின் இருபுறமும் 40 கிலோமீட்டருக்குள் வாழும் மலைவாசிகளுக்கு பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். இந்தப் பக்கம் வருகிறவர் 72 மணி நேரம் தங்கலாம். தலைச்சுமையாக எடுத்து வருகிற சாமான்களுக்கும் சலுகை உண்டு.

தீவிரவாதம் தலைதூக்கியதும் 1968-ல் பர்மிட் முறை வந்தது. 2004-ல் 40 கிலோமீட்டர் 16 ஆகச் சுருங்கியது. கடப்பதற்கும் மோரே, மிசோரத்தின் ஜோகாவ்தார், அருணாசலத்தின் பாங்சாவ் என்று மூன்றே வாசல்கள்.

இத்தனை விதிகளிலும் தமிழர் என்ற பேச்சே கிடையாது. அவர்கள் மலைவாசிகள் அல்லவே! மோரே தமிழருக்குக் கைகொடுத்தது ஒருநாள் பாஸ்தான். இரண்டாம் நம்பர் கேட்டில் அடையாள அட்டையைக் கொடுத்து, சில ரூபாய் கட்டினால் ஒரு சீட்டு கிடைக்கும். எதிரே இருக்கும் நாம்பலாங் சந்தைக்குப் போய் வரலாம். ரயில்வே பிளாட்பாரம் டிக்கெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். உள்ளே போகலாம், சுற்றலாம், வாங்கலாம். ஊர் போய்ச் சேர முடியாது. மாலை 4 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தப் பிளாட்பாரம் டிக்கெட்டை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. காலையில் போய்ப் போர்வை, குடை, செருப்பு என்று வாங்கி வந்து, மாலையில் இம்பால் வியாபாரிக்குத் தள்ளிவிடுவார்கள். 1995 ஏப்ரலில் அரசாங்க முறைப்படியும் எல்லை வர்த்தகம் தொடங்கியது. ஆனால் அதே 90-களில் நடந்த இனக் கலவரங்களில் பல தமிழ்க் குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. பல்லாயிரமாக இருந்த சமூகம் சில ஆயிரமாகச் சுருங்கியது.

பத்தொன்பது மாதம்

2018 ஆகஸ்ட் 8-ந் தேதி மோரேக்கு ஒரு நல்ல நாள். இரு நாட்டு ஒப்பந்தப்படி, பாஸ்போர்ட்டும் விசாவும் உள்ள எவரும் இந்த வாசல் வழியாகத் தரை மார்க்கமாகப் போகலாம் என்று திறந்துவிட்டார்கள். அதுவரை வெளிநாட்டுப் பயணிகள் இவ்வழியே போக விசேஷ அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. இனி தாய்லாந்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவரும் விசாவைக் காட்டிவிட்டு மோரேயில் டீ குடிக்கலாம். பர்மாவில் பிறந்த முதியவர்களும் முறையான விசாவோடு இதே வாசல் வழியாகப் போய்ப் பிறந்த ஊரைப் பார்க்கலாம்.

பத்தொன்பது மாதம்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக கேட் மூடப்பட்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, உள்நாட்டுச் சண்டை மூண்டது. 2023 மே மாதம் மணிப்பூரே பற்றி எரிந்தது. மோரேயில் எரிந்த வீடுகளில் தமிழர் வீடுகளும் உண்டு.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு இரண்டு அறிவிப்புகளைச் செய்தது. எல்லையின் 1643 கிலோமீட்டருக்கும் வேலி. விசா இல்லாப் போக்குவரத்து ரத்து. மணிப்பூர் அரசு வரவேற்றது. மிசோரம், நாகாலாந்து சட்டசபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த புதிய விதிகள் வழியை முழுக்க அடைக்கவில்லை, குறுக்கின. இப்போது 16 அல்ல, 10 கிலோமீட்டர். எல்லையில் குடியிருப்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அசாம் ரைபிள்ஸ் பாஸ் கொடுக்கும். 7 நாள் தங்கலாம். கடப்பதற்கு 43 இடங்கள் குறிக்கப்பட்டன.

ஆயுதமும் போதைப்பொருளும் இவ்வழியே வருவது உண்மை. காவல் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் கடத்தல்காரன் கேட்டுக்கு வந்து அடையாள அட்டையை நீட்டுவதில்லை. நீட்டுகிறவன் போர்வை வியாபாரிதான்.

தமிழர் குறை வேறொன்றும் உண்டு. மலைவாசியின் மாமனும் மச்சானும் எல்லைக்கு அப்பால் பத்து மைலிலே இருக்கலாம். மோரே தமிழரின் உறவு இருப்பது ரங்கூன் பக்கம், பெகு பக்கம். நூற்றுக்கணக்கான மைல். பத்து கிலோமீட்டர் பாஸில் பக்கத்து ஊர் தாமு வரை போய் வரலாம். ரங்கூனுக்கு பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்து, கல்கத்தாவுக்குப் போய் விமானம் ஏற வேண்டும். வாசல்படியில் வீடு இருந்தும் வழி சுற்றிக்கொண்டு போகிறது!

மோரேயைப் பார்க்க ஆசைப்படும் வாசகர்களுக்கு: மணிப்பூருக்குள் நுழைய 2020 ஜனவரி முதல் வெளிமாநிலத்தவர் இன்னர் லைன் பர்மிட் எடுக்க வேண்டும். இம்பால் விமான நிலையத்திலும் தருகிறார்கள். ரயிலில் வருவோர் திமாப்பூரில் இறங்கி பஸ் பிடித்தால், மாவோ சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டு நண்பர் உடன் வந்தால் இது போதாது. 2011-ல் தளர்த்திய பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி 2024 டிசம்பரில் திரும்ப வந்துவிட்டது. அதைப் புறப்படும் முன்பே வாங்கிவிட வேண்டும். ஊர் நிலவரத்தையும், மலைப்பாதை திறந்திருக்கிறதா என்பதையும் இம்பாலில் விசாரித்துக்கொண்டு பஸ் ஏறுவது நல்லது.