மடை மாறினால் கார் தடம் மாறும்!

பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரமாகச் சிறிது நேரம் நின்று பாருங்கள். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய லாரி வருகிறது. ஓட்டுகிறவர் ஒல்லியான மனிதர். திருப்பம் வந்ததும் ஸ்டீரிங்கை லேசாகச் சுற்றுகிறார். அவ்வளவு பெரிய லாரி, பழகிய மாடுபோல் திரும்புகிறது!

அவருக்கு இந்த வலிமை எங்கிருந்து வந்தது?

எண்ணெயில் இருந்து வந்தது! ஆம். லாரிக்குள் ஒரு பம்பு இருக்கிறது. அது எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. அந்த எண்ணெய்தான் சக்கரங்களைத் திருப்ப உதவுகிறது. இதற்குப் பெயர் "பவர் ஸ்டீரிங்".

எண்ணெய் சரியான குழாயில் போனால் அது நண்பன். தவறான குழாயில் போனால் எதிரி. கையில் பிடித்திருக்கும் ஸ்டீரிங்கே நம் பேச்சைக் கேட்காது!

லாரியைப் பார்த்துப் பிறந்த யோசனை

பவர் ஸ்டீரிங் இல்லாத காலத்தில் லாரி ஓட்டுவது மல்யுத்தம் செய்வதுபோல் இருந்தது. இரண்டு கைகளாலும் இழுத்தால்தான் சக்கரம் அசையும். மாலையில் தோள்பட்டை வலி தூங்க விடாது.

அமெரிக்காவில் பிரான்சிஸ் டேவிஸ் என்ற என்ஜினீயர் இருந்தார். "பியர்ஸ் ஆரோ" என்ற மோட்டார் கம்பெனியில் லாரி பிரிவில் வேலை பார்த்தார். டிரைவர்கள் படும் பாட்டைக் கண்டார். வேலையை விட்டுவிட்டு, தனியாக ஒரு பட்டறை வைத்து ஆராய்ச்சியில் இறங்கினார். 1926-ம் ஆண்டில் ஒரு காரில் பவர் ஸ்டீரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார்.

ஆனால் கார் கம்பெனிகள் உடனே அதை ஏற்கவில்லை. செலவு அதிகம் என்று தயங்கின. 2-வது உலகப் போர் வந்தது. கவசம் போர்த்திய ராணுவ வண்டிகள் மிகவும் கனமாக இருந்தன. அவற்றைத் திருப்ப டேவிசின் கருவி கைகொடுத்தது. போர் முடிந்த பிறகு, 1951-ம் ஆண்டில், "கிரைஸ்லர் இம்பீரியல்" கார் பவர் ஸ்டீரிங்குடன் விற்பனைக்கு வந்தது.

நம் நாட்டில் 1969-ம் ஆண்டில் அசோக் லேலண்டு கம்பெனி தன் பெரிய வண்டிகளில் பவர் ஸ்டீரிங்கைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை சென்னையை அடுத்த எண்ணூரில் இருக்கிறது.

வயலும் வாய்க்காலும்

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? விவசாயிக்கு இது எளிதில் புரியும்.

கிணற்றில் பம்பு செட்டு ஓடுகிறது. தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. வாய்க்காலின் இரு பக்கமும் வயல். இடது மடையைத் திறந்தால் இடது வயலில் பாயும். வலது மடையைத் திறந்தால் வலது வயலில் பாயும்.

காரிலும் அப்படித்தான். என்ஜின் ஓடும்போது பம்பும் சுற்றுகிறது. எண்ணெய் புறப்பட்டு ஸ்டீரிங் பெட்டிக்கு வருகிறது. அங்கே "வால்வு" என்ற மடை இருக்கிறது. நேராக ஓட்டும்போது எண்ணெய் அந்த வழியாகச் சும்மா சுற்றித் தொட்டிக்குத் திரும்பிவிடும். ஸ்டீரிங்கைச் சிறிது திருப்பியதும் மடை ஒரு பக்கமாகத் திறக்கும். அந்தப் பக்கம் எண்ணெய் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். சக்கரம் திரும்பும்.

அந்த அழுத்தம் எவ்வளவு தெரியுமா? கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம், சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பும்போது பம்பில் இருந்து வரும் குழாயில் 1,000 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் ஏறும்!

ஐந்து குழாய்கள்

இதில் மொத்தம் 5 வழிகள் உண்டு.

முதலாவது, தொட்டியில் இருந்து பம்புக்கு எண்ணெய் போகும் குழாய். இது அகலமானது.

இரண்டாவது, பம்பில் இருந்து ஸ்டீரிங் பெட்டிக்குப் போகும் "பிரஷர் லைன்". இது பலமானது. உள்ளே வலுவான பின்னல் இருக்கும். முனைகளை மெஷினில் வைத்து அழுத்தியிருப்பார்கள்.

மூன்றாவது, எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி வரும் "ரிட்டர்ன் லைன்". இதில் அழுத்தம் குறைவு. ரப்பர் ஹோசும் கிளிப்பும் போதும்.

நான்காவதும் ஐந்தாவதும், வால்வில் இருந்து பிஸ்டனின் இடது பக்கமும் வலது பக்கமும் போகும் இரண்டு குழாய்கள். லாரியின் ஸ்டீரிங் பெட்டியில் இந்த வழிகள் உள்ளேயே இருக்கும். கார்களில் உள்ள "ராக்" ஸ்டீரிங்கில் வெளியே மெல்லிய இரும்புக் குழாய்களாகத் தெரியும்.

ஒரு சிறு தவறு

அம்பத்தூர், பாடி, ஆவடி பக்கம் மோட்டார் தொழில் மண்ணில் ஊறிய தொழில். பாடியில் சக்கரம் செய்கிறார்கள், பிரேக் செய்கிறார்கள், காருக்கு வேண்டிய மின்சாரக் கருவிகள் செய்கிறார்கள். ஆவடியில் 1965-ம் ஆண்டில் "விஜயந்தா" டாங்கியே உருவாகி வெளியே வந்தது! இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்குக் கையில் ஸ்பானர் எடுக்க ஆசை வருவது இயல்பு.

அப்படி ஒரு தம்பி, வீட்டுக் கொட்டகையில் தானே ஒரு கார் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பழைய கார் ஒன்றின் ராக், வேறு காரின் பம்பு. இரண்டையும் இணைக்கிறான். இடது, வலது குழாய்கள் இரண்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கின்றன. மாற்றிப் பூட்டிவிடுகிறான்!

என்ன நடக்கும்?

தம்பி இடது பக்கம் திருப்புவான். எண்ணெயோ வலது பக்கம் தள்ளும். தள்ளத் தள்ள மடை இன்னும் அகலமாகத் திறக்கும். அழுத்தம் மேலும் ஏறும். ஸ்டீரிங் அவன் கையை உதறிவிட்டு வலது கோடிக்கு ஓடும். கட்டைவிரல் ஸ்டீரிங் கம்பிக்குள் இருந்தால் விரல் முறியும். கார் சாலையில் இருந்தால்? நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது!

பிரஷர் லைனையும் ரிட்டர்ன் லைனையும் மாற்றிப் பூட்டினாலும் ஆபத்துதான். குறைந்த அழுத்தம் தாங்கும் சீலில் பெரிய அழுத்தம் மோதும். சீல் பிய்ந்து எண்ணெய் கொட்டும். சூடான புகைக் குழாயில் அந்த எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும்.

சரியான முறை எது?

கழற்றும்போதே ஒவ்வொரு குழாயிலும் ஒரு சீட்டுக் கட்டி எழுதிவிடுங்கள். "நினைவில் இருக்கும்" என்று நம்ப வேண்டாம். அந்த ராக்குக்கு உரிய படத்தைப் பார்த்தே பூட்டுங்கள்.

மரைகள் ஒத்துப்போகின்றனவா என்று கையால் திருகிப் பாருங்கள். ஒரு காரின் மரை அங்குலக் கணக்கில் இருக்கலாம். இன்னொன்று மில்லிமீட்டர் கணக்கில் இருக்கலாம். ஸ்பானர் போட்டு வலிந்து இறுக்கினால் மரை அழிந்துவிடும்.

பிரஷர் லைனுக்கு ரேடியேட்டர் ஹோசும் கிளிப்பும் போடவே கூடாது. செம்புக் குழாயும் வேண்டாம். அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும்.

குழாய் புகைக் குழாயின் பக்கம் போகக்கூடாது. இழுபடவும் கூடாது. சக்கரம் இரு கோடிக்கும் திரும்பும்போது எதிலும் உரசக்கூடாது.

கம்பெனி சொன்ன எண்ணெயையே ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும்.

அடுத்தது "ஏர் எடுக்கும்" வேலை. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகள் மேல் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பக்கூடாது. என்ஜினை ஓட்டாமல், ஸ்டீரிங்கை ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு மெதுவாகப் பதினைந்து இருபது முறை திருப்புங்கள். தொட்டியில் எண்ணெய் குறையக் குறைய ஊற்றுங்கள்.

பிறகு, சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்போதே என்ஜினை ஓட்டுங்கள். ஸ்டீரிங் கம்பிகளுக்குள் கையை விடாதீர்கள். ஸ்டீரிங் தானாக ஓடினால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். குழாய் மாறிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்! அமைதியாக இருந்தால், லேசாக இடதும் வலதும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே, இலகுவாகப் போகவேண்டும்.

எண்ணெய் மோர்போல் நுரைத்தாலும், பம்பு முனகினாலும் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். மீண்டும் ஏர் எடுக்கவேண்டும். ஸ்டீரிங்கைக் கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தவேண்டாம். பம்பு சூடாகிவிடும்.

எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள்! ஊசித் துளையில் இருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரியும். கை போகும் அளவுக்கு ஆபத்து உண்டு. அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

சாலைக்கு வரலாமா?

கோவையில் ஜி.டி.நாயுடு 1952-ம் ஆண்டிலேயே இரண்டு பேர் உட்காரும் கார் ஒன்றை உருவாக்கினார். தயாரிப்புக்கு அரசாங்க உரிமம் கிடைக்கவில்லை. ஆகவே அது தொடரவில்லை.

இன்றும் சட்டம் கண்டிப்பானது. புது மாதிரி வண்டி என்றால், அரசாங்கம் அங்கீகரித்த சோதனை நிலையத்தில் தேறவேண்டும். புனேயில் அப்படி ஒரு நிலையம் உண்டு. நமக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் உண்டு. பதிவு செய்த வண்டியையும் கம்பெனி செய்ததற்கு மாறாக நம் இஷ்டப்படி மாற்ற முடியாது. எனவே கொட்டகையில் கட்டிய காரைக் கொட்டகையிலும் மூடிய மைதானத்திலுமே ஓட்டிப் பார்க்கவேண்டும்.

இப்போது வரும் சிறிய கார்களில் பெரும்பாலும் எண்ணெய்க்குப் பதில் மின்சார மோட்டார் உதவுகிறது. அவற்றில் இந்தக் குழாய்களே இல்லை. ஆனால் லாரி, பஸ், பழைய கார்களில் எண்ணெய்தான் இன்றும் உழைக்கிறது.

கார் கட்டும் தம்பிகளே! உங்கள் ஆர்வம் பாராட்டுக்கு உரியது. ஆனால் எல்லாக் குழாயையும் பூட்டி முடித்த அந்த இரவிலேயே சாவியைப் போட்டு ஓட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். தூங்கி எழுந்து, காலை வெளிச்சத்தில், அனுபவம் உள்ள மெக்கானிக் அண்ணன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயையும் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

மடை மாறினால் வயலில் ஒரு போகம்தான் போகும். இங்கே மாறினால் உயிரே போகும். காரை நாளைக்கும் ஓட்டலாம். வீட்டில் அம்மா காத்திருக்கிறார்!